துருவ நட்சத்திரம் பத்து டிகிரியில் நிற்கும் ஊரில் நெபுலா படம் எடுக்க

விண்வெளியில் வாயுவும் தூசியும் சேர்ந்த மேகமான நெபுலாவைப் படம் எடுக்க ஆசைப்படுபவர்கள் முதலில் பெரிய டெலஸ்கோப்பைத் தேடுகிறார்கள். படம் கெடுவதோ பெரும்பாலும் அதைத் தாங்கி வானத்தோடு சேர்த்துச் சுழற்றும் மவுண்டில்தான். மவுண்டோடு வரும் கையேடுகளும் இணையக் காணொளிகளும் பெரும்பாலும் 40, 50 டிகிரி அட்சரேகையில் வாழ்பவர்களை மனதில் வைத்துச் செய்யப்பட்டவை. மதுரை 9.9 டிகிரி வடக்கில் இருக்கிறது. அவற்றில் சொல்வதை அப்படியே இங்கே செய்தால் பாதி இரவு வீணாகும்.

வானம் விநாடிக்கு 15 வில்விநாடி நகர்கிறது (ஒரு டிகிரிக்கு 60 வில்நிமிடம், ஒரு வில்நிமிடத்துக்கு 60 வில்விநாடி). 480 மி.மீ. குவியத் தூரமுள்ள 80 மி.மீ. ரிஃப்ராக்டரில் (லென்ஸ் டெலஸ்கோப்பில்) 3.76 மைக்ரான் பிக்சல் கேமராவை மாட்டினால், ஒரு பிக்சலில் அடங்குவது 1.6 வில்விநாடி. மவுண்ட் சுழலாவிட்டால் ஒரே விநாடியில் நட்சத்திரம் ஒன்பது பிக்சல் தள்ளிப் போய்விடும். மூன்று நிமிட எக்ஸ்போஷருக்கு மவுண்டின் அச்சு, வானம் சுற்றும் மையமான, துருவ நட்சத்திரத்துக்கு அருகிலுள்ள வான் துருவத்தைச் சரியாகப் பார்த்திருக்க வேண்டும். அந்தத் துருவம் நமக்கு அடிவானத்திலிருந்து பத்து டிகிரி உயரத்தில்தான் இருக்கிறது. கையை நீட்டி முஷ்டியை மடக்கினால் ஒரு முஷ்டி உயரம், அவ்வளவே. ஒரு தென்னையோ பக்கத்து வீட்டுத் தண்ணீர்த் தொட்டியோ போதும், துருவ நட்சத்திரம் மறைந்துவிடும். மறையாவிட்டாலும், தலைக்கு மேலே இருப்பதைப் போல ஐந்து மடங்குக்கும் அதிகமான காற்றையும் தூசியையும் கடந்துதான் அதன் ஒளி வருகிறது. போதாததற்கு, ஒளிவிலகல் அதைச் சுமார் 5 வில்நிமிடம் உயர்த்திக் காட்டும்.

எனவே துருவ நட்சத்திரத்தைப் பார்த்து அச்சைச் சரிசெய்ய உதவும் போலார் ஸ்கோப்பை நம்பி உட்கார வேண்டாம். கேமராவையும் மவுண்டையும் கணினியிலிருந்து இயக்கும் ‘நினா’ மென்பொருளில் அச்சைச் சீரமைக்க மூன்று புள்ளி முறை இருக்கிறது. வானத்தின் எந்தப் பகுதியையாவது ஒரு படம் எடுத்து, மவுண்டைக் கொஞ்சம் சுழற்றி, இன்னும் இரண்டு படம் எடுக்கும். அவற்றிலுள்ள நட்சத்திரங்களை அடையாளம் கண்டு, அச்சு எவ்வளவு விலகியிருக்கிறது என்று சொல்லிவிடும். விலகல் 2 வில்நிமிடத்துக்குள் வரும்வரை திருகுகளைச் சரிசெய்யுங்கள். துருவ நட்சத்திரமே தேவையில்லை என்றானபின் இடத்தையும் தாராளமாகத் தேர்ந்தெடுக்கலாம். திருமங்கலம் தாண்டி, பேரையூர் பக்கம் போனால் மதுரையின் ஒளி வடகிழக்கே ஒதுங்கும், நமக்கு வேண்டிய தென்வானம் ஓரளவு தப்பும். அழகர்மலைப் பக்கம் போகிறவர்களுக்கு நகர வெளிச்சம் தெற்கில் நின்று தொல்லை தரும்.

மவுண்ட் வாங்கும் முன் அதன் அட்சரேகை எல்லையைப் பாருங்கள். சில மாடல்கள் 15 டிகிரிக்குக் கீழே இறங்காது. இறங்கினாலும் அச்சு ஏறக்குறைய படுத்துவிடுவதால், டெலஸ்கோப்பின் எடையைச் சமன்செய்யும் கவுண்டர்வெயிட் தண்டு நேர் கீழே தொங்கி, டிரைபாடின் வடக்குக் காலில் முட்டும். காலைத் திருப்பி வைத்து வடக்கே இடைவெளி விடுவது தீர்வுபோலத் தோன்றும், ஆனால் பாரம் முழுவதும் வடக்கே தள்ளி நிற்பதால் கவிழும் அபாயம் உண்டு. வடக்குக் கால் வடக்கிலேயே இருக்கட்டும். மவுண்டுக்கும் டிரைபாடுக்கும் நடுவே ஒரு நீட்டிப்புக் குழாய் போடுங்கள். கரிசல் மண்ணில் கால்கள் மெல்லப் புதையும், ஒவ்வொரு காலுக்கடியிலும் ஒரு கல்பலகை வையுங்கள். கண்மாய்க் கரை வேண்டாம், தை மாதப் பனி லென்ஸில் அங்கேதான் முதலில் இறங்கும். லென்ஸைச் சூடாக்கிப் பனியைத் தடுக்கும் டியூ ஹீட்டர் பட்டையை ஈரம் படிந்தபின் அல்ல, தொடக்கத்திலேயே ஓடவிட வேண்டும்.

இந்த அட்சரேகையின் வரம் தென்வானம். கரினா நெபுலா டெல்லியில் இரண்டு டிகிரிகூட எழாது. இங்கே மார்ச் கடைசி வாரத்தில் இரவு 11 மணிக்குச் சற்று முன் 20 டிகிரி உயரத்தில் நிற்கும். ஓரியன் நெபுலா ஜனவரி நடுவில் இரவு 10 மணி வாக்கில் 75 டிகிரிக்கு ஏறிவிடும். புதிதாகத் தொடங்குபவர்களுக்கு அதுவே நல்லது. நடுவிலுள்ள நான்கு நட்சத்திரங்கள் வெளுத்துப்போகாமல் இருக்க 10 விநாடிப் படங்கள் ஒரு தொகுதி, புறப்பகுதிக்கு 120 விநாடிப் படங்கள் ஒரு தொகுதி என்று தனித்தனியாக எடுத்து இணைக்க வேண்டும். இரைச்சலைப் பாதியாக்க நான்கு மடங்கு படங்கள் வேண்டும். ஒரு மணி நேரத்தில் நிறுத்திவிடாதீர்கள், மூன்று மணி நேரமாவது சேருங்கள்.

சென்சாரில் வெப்பத்தால் எழும் டார்க் கரண்ட் ஏறக்குறைய 6 டிகிரிக்கு ஒருமுறை இரட்டிப்பாகும். ஏப்ரல் இரவு 28 டிகிரியாக இருக்கும்போது கேமராவின் கூலரை மைனஸ் 10 என்று அமைத்தால் பல கேமராக்களில் அது முழுச் சக்தியில் ஓடியும் எட்டாது. வெப்பநிலை அலைபாயும், டார்க் படங்கள் (மூடியைப் போட்டு எடுத்து, பிறகு கழிக்கும் படங்கள்) பொருந்தாது. 0 டிகிரி போதும். கூலர் இல்லாத கேமரா என்றால், படப்பிடிப்பு முடிந்த கையோடு மூடியைப் போட்டு, அதே நேர அளவில் 20 டார்க் படங்கள் எடுங்கள்.

தெருவெங்கும் வெள்ளை எல்.ஈ.டி. வந்துவிட்டதால் சோடியம் விளக்குக்காகச் செய்த பழைய ஃபில்டர்களால் பெரிதாகப் பயனில்லை. ஹைட்ரஜனின் 656.3, ஆக்சிஜனின் 500.7 நானோமீட்டர் ஒளியை மட்டும் விடும் இரட்டைப் பட்டை ஃபில்டரே மொட்டைமாடிக்கு ஏற்றது. ஆனால் எம் 78 போல நட்சத்திர ஒளியைப் பிரதிபலிக்கும் நெபுலாவுக்கு அது உதவாது, ஊரைவிட்டு வெளியே போகத்தான் வேண்டும்.

படங்களை அடுக்கி ஒன்றாக்கும் முன், அதாவது ஸ்டாக் செய்யும் முன், ஒரு தனிப் படத்தைப் பெரிதாக்கி நான்கு மூலைகளையும் பாருங்கள். எல்லா நட்சத்திரமும் ஒரே திசையில் நீண்டிருந்தால் கோளாறு கைடிங்கில் (ஒரு நட்சத்திரத்தைக் கவனித்து மவுண்டைத் திருத்திக்கொண்டே இருப்பதில்) இருக்கிறது: கைடிங் மென்பொருளான பிஹெச்டி 2-வில் மொத்தப் பிழை 0.8 வில்விநாடிக்கு மேல் போயிருக்கும், அல்லது கேபிள் எங்கோ இழுத்திருக்கும். ஒரு புள்ளியைச் சுற்றி வில்லாக வளைந்திருந்தால் துருவச் சீரமைப்புத் தவறு. கைடிங் எவ்வளவு நன்றாக இருந்தாலும் அதைத் திருத்தாது. நடுவில் உருண்டையாகவும் மூலைகளில் மையத்திலிருந்து வெளிப்பக்கமாக நீண்டும் இருந்தால் மவுண்டைத் தொடாதீர்கள். மூலைகளையும் கூர்மையாக்க மாட்டும் லென்ஸான ஃப்ளாட்னருக்கும் சென்சாருக்கும் இடையிலான தூரத்தை அளந்து பாருங்கள். பெரும்பாலான ஃப்ளாட்னர்களுக்கு அது 55 மி.மீ.; ஒரு மில்லிமீட்டர் பிசகினாலே மூலைகள் காட்டிக்கொடுக்கும்.