ஆற்றங்கரைப் பாதையில் சிக்னல் இல்லை

மே மாதம் பிறந்துவிட்டால் எங்கள் கிளினிக்கில் திங்கட்கிழமைக் காலைகளின் முகமே மாறிவிடும். குளிர்காலம் முழுக்கப் பனியில் வழுக்கி விழுந்தவர்கள் வருவார்கள். மே முதல் செப்டம்பர் வரை சைக்கிள்காரர்கள். இவர்களில் விழுந்தவர்கள் குறைவு. யார் மீதும் மோதாமல், ஒரு கீறல்கூட இல்லாமல், ஒரு வாரம் ஆற்றங்கரையில் நிம்மதியாக ஓட்டிவிட்டு வந்தவர்கள்தான் அதிகம். “ஒரு கார்கூடக் குறுக்கே வரலை, மேடுன்னு ஒண்ணுமே இல்லை, அப்புறம் எப்படி வலி வந்தது?” என்று கேட்பார்கள்.

நான் ஆஸ்திரியாவில், டான்யூப் கரையிலுள்ள சிறிய ஊர் ஒன்றில் பிசியோதெரபிஸ்ட். கிளினிக் ஜன்னலைத் திறந்தால் டான்யூப் சைக்கிள் பாதை தெரியும். ஜெர்மனியின் பாஸாவ் நகரில் டான்யூப், இன், இல்ஸ் என்று மூன்று ஆறுகள் கூடுமிடத்தில் தொடங்கி வியன்னா வரை வரும் பகுதிதான் இதில் மிகப் பிரபலம். சுமார் 320 கிலோமீட்டர். அட்லாண்டிக் கரையிலிருந்து கருங்கடல் வரை நீளும் யூரோவெலோ 6 என்ற நெடுவழியின் ஒரு துண்டு இது. அந்தக் காலத்தில் ஆற்றை எதிர்த்துப் படகுகளை இழுத்துப் போன குதிரைகள் நடந்த கரைப்பாதை பல இடங்களில் இன்றைக்குச் சைக்கிள் பாதை. குதிரை நடக்கத் தோதான சமதரை என்பதால் சைக்கிளுக்கும் தோதாகிவிட்டது. பாஸாவிலிருந்து வியன்னா வரை மொத்த இறக்கமே ஏறக்குறைய 150 மீட்டர்தான். கிலோமீட்டருக்கு அரை மீட்டர்கூட இல்லை. ஷ்லோகன் என்ற இடத்தில் ஆறு மலையில் முட்டி, வந்த வழியே திரும்புவதுபோல் வளையும். அங்கே சைக்கிளோடு ஏறிக்கொள்ளச் சின்னப் படகுகள் உண்டு. நீர்மின் அணைகளின் மேலேயே சைக்கிளில் அக்கரைக்குப் போய்விடலாம்.

இவ்வளவு சொகுசான பாதையில்தான் உடம்பு மாட்டிக்கொள்கிறது. ஊருக்குள் ஓட்டும்போது பத்து நிமிடத்துக்கு ஒரு சிக்னல் வரும். காலை ஊன்றுவோம், கையை எடுப்போம், முதுகை நிமிர்த்துவோம். மேடு வந்தால் சீட்டிலிருந்து எழுந்து மிதிப்போம்; இறக்கத்தில் காலுக்கு ஓய்வு. ஆற்றங்கரைச் சமதரையில் இதில் எதுவுமே இல்லை. நிற்கச் சொல்ல யாரும் இல்லை, எழ வைக்க மேடும் இல்லை. ஒரே இருப்பில், ஒரே பிடியில் போய்க்கொண்டே இருக்கலாம். நிமிடத்துக்கு 75 சுற்று என்று வைத்துக்கொண்டு கணக்குப் போட்டுப் பாருங்கள். நான்கு மணி நேரத்தில் ஒவ்வொரு முழங்காலும் 18,000 தடவை மடங்கி நீள்கிறது. சீட் உயரம் சரியில்லை என்றால் அந்தத் தப்பும் 18,000 தடவை.

போன கோடையில் ஒருவர் வந்தார். ஐம்பத்தைந்து வயதைத் தாண்டியவர், நம்மவர், மியூனிக்கில் வேலை. ஆறு நாளில் வியன்னாவைத் தொட்டுவிடுவது என்று கிளம்பியவர், நான்காம் நாள் பாதியில் என்னிடம் வந்து நின்றார். வலது கையில் சுண்டுவிரலும் மோதிர விரலில் பாதியும் மரத்துப் போயிருந்தன. “குளிரா இருக்கும்னு நினைச்சேன் சார்” என்றார். ஜூன் மாதத்தில்! ஒரு தாளைக் கொடுத்து, கட்டை விரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் இறுக்கிப் பிடிக்கச் சொன்னேன். நான் லேசாக இழுத்ததும் தாள் வந்துவிட்டது. இழுக்கும்போது அவருடைய கட்டை விரல் நுனி தானாக மடங்கியது. அவர் முகம் மாறியதை இன்னும் மறக்கவில்லை.

உள்ளங்கையில் சுண்டுவிரல் பக்கம், மணிக்கட்டை ஒட்டிய சதைமேட்டுக்கு அடியில் அல்னார் நரம்பு போகிறது. ஹேண்டில்பார் மேல் உடல் எடை மணிக்கணக்காக அந்த இடத்தில் இறங்கினால் நரம்பு நசுங்கும். முதலில் மரப்பு, அப்போதும் கண்டுகொள்ளாவிட்டால் விரல்களில் பலக்குறைவு. மரப்பு மட்டும் என்றால் பெரும்பாலும் சில நாட்களிலோ வாரங்களிலோ தானே சரியாகும். பலம் குறைந்துவிட்டால் அன்றோடு பயணத்தை நிறுத்திவிட்டு நரம்பியல் மருத்துவரைப் பார்க்க வேண்டும். அவரை ரயிலில் ஏற்றித்தான் அனுப்பினேன். பல இடங்களில் ஆற்றை ஒட்டியே ரயில் பாதையும் வருவது இந்தப் பள்ளத்தாக்கின் புண்ணியம்.

அவருடைய சைக்கிளையும் பார்த்தேன். முதுகில் எட்டுக் கிலோ பை. சீட்டின் மூக்கு கீழே சாய்ந்திருந்தது. உட்கார்ந்தவர் முன்னால் சறுக்கச் சறுக்க, கைகளால் முட்டுக் கொடுத்துக்கொண்டே வந்திருக்கிறார். பை கேரியரில் இருந்திருந்தால், சீட் ஏறக்குறைய மட்டமாக இருந்திருந்தால், பாதித் தொல்லை வந்திருக்காது.

அடுத்து முழங்கால். நம் ஆட்களிடம் ஒரு பழக்கம் உண்டு, எனக்கும் இருந்தது. குரங்குப் பெடலில் ஆரம்பித்து, சீட்டில் உட்கார்ந்தபடியே இரண்டு பாதமும் தரையில் முழுசாகப் பதிந்தால்தான் தைரியம் என்று வளர்ந்தவர்கள் நாம். அந்த உயரத்தில் கடைத்தெருவுக்குப் போய் வரலாம். ஒரு நாளைக்கு ஐம்பது கிலோமீட்டர் என்றால் முழங்கால் சிப்பி எலும்புக்குப் பின்னால் வலி நிச்சயம். சீட் தாழ்ந்திருந்தால் வலி முன்பக்கம் வரும். ரொம்ப உயர்ந்திருந்தால் மடிப்புக்குப் பின்பக்கம். சரியான உயரம் பார்க்க எளிய வழி: சுவரைப் பிடித்துக்கொண்டு சீட்டில் உட்காருங்கள். பெடல் அடியில் இருக்கும்போது குதிகாலை அதன் மேல் வையுங்கள். கால் நேராக நீண்டிருக்க வேண்டும், இடுப்பு ஒரு பக்கம் சாயக் கூடாது. பிறகு முன்பாதத்தால் மிதிக்கும்போது முழங்காலில் அளவான மடிப்பு தானே வந்துவிடும். சிக்னலில் நிற்பதற்கு சீட்டிலிருந்து முன்னால் இறங்கி நிற்கப் பழகிக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான்.

இதையெல்லாம் ஊருக்குச் சொல்லும் நானே ஒரு முறை ஏமாந்தேன். சென்னையிலிருந்து வந்த அண்ணனோடு வாடகை சைக்கிளில் மெல்க் மடாலயத்திலிருந்து கிரெம்ஸ் வரை கிளம்பினேன். வாஹாவ் பள்ளத்தாக்கு, 2000-ல் யுனெஸ்கோ பட்டியலில் ஏறிய இடம். திராட்சைத் தோட்டம், ஆப்ரிகாட் மரங்கள், 1192-ல் இங்கிலாந்து அரசன் ரிச்சர்டைப் பிடித்துச் சிறை வைத்த டூர்ன்ஸ்டைன் கோட்டை என்று வேடிக்கை பார்த்துக்கொண்டே போனதில், என் சீட் தண்டு கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே இறங்கியதை நான் கவனிக்கவே இல்லை. கிரெம்ஸில் இறங்கும்போது இரண்டு முழங்காலும் முனகின. அளந்தால் மூன்று சென்டிமீட்டர் போயிருந்தது. கடையில் கவ்வியைச் சரியாக முறுக்கவில்லை. நானும் சரி பார்க்கவில்லை. அன்றிலிருந்து, உயரம் வைத்தவுடன் தண்டில் ஒரு சுற்று இன்சுலேஷன் டேப் ஒட்டிவிடுவேன். டேப்பின் கீழ்விளிம்பு மறைந்தால் சீட் இறங்குகிறது என்று அர்த்தம்.

இன்னொன்றை ஆண்கள் கடைசி நிமிடத்தில், கதவருகில் போய்த் திரும்பி நின்று சொல்வார்கள். பெண்கள் அதையும் சொல்வதில்லை. தொடை இடுக்கில், பிறப்புறுப்பில் மரப்பு. வெட்கப்பட ஒன்றுமில்லை, சீட்டின் நடுப்பகுதி நரம்பையும் ரத்தக் குழாயையும் அழுத்துவதால் வருவது. மரத்தால் உடனே எழுந்து நில்லுங்கள். உங்கள் உட்காரும் எலும்புகளின் அகலத்துக்கு ஏற்ற சீட்டாகப் பாருங்கள். மெத்து மெத்தென்ற தடிமனான ஜெல் சீட், எலும்பு அமிழ்ந்து நடுவில் அழுத்தம் கூடுவதால், பலருக்கு உபத்திரவம்தான். பேடு வைத்த சைக்கிள் கால்சட்டைக்குள் ஜட்டி போடக் கூடாது என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன், பாதிப் பேருக்குத் தெரியவில்லை. தையல் உரசித்தான் புண்ணாகிறது. இறங்கி ஒரு நாள் ஆகியும் மரப்பு போகவில்லை என்றால் மருத்துவரிடம் போங்கள்.

“நாங்கள் பேட்டரி சைக்கிள், எங்களுக்கு ஒன்றும் வராது” என்பவர்களுக்கு: பேட்டரி முழங்காலைக் காப்பாற்றும். கையையும் உட்காரும் இடத்தையும் காப்பாற்றாது. களைப்புத் தெரியாததால் இன்னும் அதிக நேரம் உட்கார்ந்திருப்பீர்கள்.

விமானத்தில் வந்து இறங்கி ஒன்றிரண்டு நாளில் கிளம்புகிறவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. ஒரு கெண்டைக்கால் மட்டும் வீங்கி வலித்தால் அது தசைப்பிடிப்பு என்று தேய்த்துக்கொண்டிருக்காதீர்கள். நீண்ட விமானப் பயணத்தில் காலின் ரத்தக் குழாய்க்குள் ரத்தம் உறைந்திருக்கலாம். இங்கே அவசர ஊர்திக்கு 144. ஆற்றோரப் புல்லில் உட்கார்ந்து சாப்பிடுகிறவர்கள் இரவில் தொடை மடிப்பு, அக்குள் எல்லாம் உண்ணி கடித்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இந்தப் பக்கத்து உண்ணிகள் மூளைக்காய்ச்சலையும் பரப்பும். அதற்குத் தடுப்பூசி உண்டு.

சரி, சிக்னல் இல்லாத பாதையில் நிற்பது எப்படி? கைப்பேசியில் அலாரம் வைக்கச் சொன்னால் யாரும் வைப்பதில்லை. இந்தப் பள்ளத்தாக்கில் ஊருக்கு ஊர் தேவாலயக் கோபுரம் இருக்கிறது. பல இடங்களில் கால் மணிக்கு ஒரு தரம் மணி அடிக்கும். மணி கேட்டால் பெடலில் எழுந்து நின்று பத்து எண்ணுங்கள், கையை உதறிப் பிடியை மாற்றுங்கள். முழு மணி அடித்தால் இறங்கிவிடுங்கள். மியூனிக்காரருக்கும் இதைத்தான் எழுதிக் கொடுத்தேன்.

விரல் பலம் திரும்பி, செப்டம்பரில் விட்ட இடத்திலிருந்து தொடங்கினார். டூர்ன்ஸ்டைனிலிருந்து கூப்பிட்டார். பின்னால் மணி அடித்துக்கொண்டிருந்தது. “இறங்கிட்டேன் சார்” என்றார், வாய் நிறைய ஆப்ரிகாட் கொழுக்கட்டையோடு.