டிஸ்க் பொய் சொன்னால் யார் பிடிப்பது?

சும்மா கிடக்கும் ஒரு கணினியில் இரண்டு ஹார்ட் டிஸ்க் போட்டு பேக்கப் சர்வர் ஆக்கப் போகிறேன், ஃபைல்களை டிஸ்க்கில் அடுக்கி வைக்கும் ஃபைல் சிஸ்டமாக எக்ஸ்ட்4 போதுமா, இசட்எஃப்எஸ் வேண்டுமா என்று வாசகர் ஒருவர் கேட்டிருந்தார். இரண்டையும் மிரராக்கி, அதாவது இரண்டிலும் ஒரே தரவை வைத்து, இசட்எஃப்எஸ் போடுங்கள்.

மிரர் தெரிந்ததுதான், ஒன்று செத்தால் மற்றது இருக்கும். ஆனால் டிஸ்க் செத்தால் நமக்குத் தெரிந்துவிடும். எனக்குப் பயம், சாகாமல் பொய் சொல்லும் டிஸ்க்கிடம்தான். எழுதாமலேயே 'எழுதிவிட்டேன்' என்று சொல்லும், சில சமயம் வேறு இடத்தில் எழுதிவிட்டு வரும். சாதாரண மிரரில் இரண்டு பிரதிகள் வேறுபட்டால் எது சரி என்று சொல்ல ஆளில்லை. எக்ஸ்ட்4 தன் சொந்தக் கணக்குவழக்குக்குத்தான் செக்சம் (தரவு மாறினால் காட்டிக்கொடுக்கும் சரிபார்ப்பு எண்) வைத்துக்கொள்ளும், உங்கள் போட்டோவுக்கு வைக்காது.

சரி, செக்சத்தை எங்கே வைப்பது? டிஸ்க்கில் எழுதும் தரவுத் துண்டான பிளாக்கின் பக்கத்திலேயே வைத்தால் திருடன் கையில் சாவி கொடுத்த கதைதான். புதியதை எழுதாமல் விட்ட டிஸ்க்கைப் படித்தால் பழைய பிளாக்கும் அதன் பழைய செக்சமும் ஜோடியாக வரும், அழகாகப் பொருந்தும்! இசட்எஃப்எஸ் அதை, அந்த பிளாக்கைச் சுட்டிக்காட்டும் தாய் பிளாக்கில் வைக்கிறது. எங்கே போக வேண்டும் என்ற முகவரியோடு, அங்கே என்ன இருக்க வேண்டும் என்ற 256 பிட் செக்சமும் அங்கேயே. தாயின் செக்சம் அதன் தாயிடம், இப்படியே மரம் போல ஏறி உச்சியில் உபர்பிளாக் என்ற வேர். 1979-ல் கணினி விஞ்ஞானி ரால்ஃப் மெர்க்கிள் காப்புரிமைக்கு விண்ணப்பித்த அதே மரம். பொருந்தாவிட்டால் அடுத்த டிஸ்க்கில் இருப்பதைப் படித்து, அது பொருந்தினால் கெட்டதன் மேல் எழுதிச் சரிசெய்துவிடும்.

இதில் எனக்கு ரொம்பப் பிடித்தது அடுத்ததுதான். மரத்தின் அடியில் இருக்கும் இலையில், அதாவது உங்கள் தரவில், ஒரு பிட் மாறினாலும் உச்சிவரை எல்லா செக்சமும் மாற வேண்டும், வீண் செலவு மாதிரி தெரியும். ஆனால் பழையதைத் தொடாமல் எல்லாவற்றையும் புதிய இடத்தில் எழுதிவிட்டுக் கடைசியாகத்தான் உபர்பிளாக் மாறுகிறது, நடுவில் கரண்ட் போனால் பழைய மரம் அப்படியே நிற்கும். அந்தப் பழைய மரத்தை வீசாமல் வைத்துக்கொண்டால் அதுதான் ஸ்னாப்ஷாட், தவறுதலாக அழித்த ஃபைலை அங்கிருந்து எடுத்துக்கொள்ளலாம்.

இசிசி ராம் (தன் பிட் பிழைகளைத் தானே திருத்தும் நினைவகம்) இல்லாமல் இசட்எஃப்எஸ் போட்டால் எல்லாம் நாசமாகும் என்பது கணினிக்காரர்களின் மூடநம்பிக்கை. இருந்தால் நல்லது, எந்த ஃபைல் சிஸ்டத்துக்கும் நல்லது, அவ்வளவுதான். எஸ்எம்ஆர் வகை (தடங்களை ஒன்றன்மேல் ஒன்று ஏறும்படி எழுதும்) டிஸ்க்கை மட்டும் தவிருங்கள், பழுதான டிஸ்க்கை மாற்றி மறுபடி நிரப்பும்போது ஆமை வேகம்.

அப்புறம், யாரும் திறக்காத ஃபைலில் டிஸ்க் சொன்ன பொய், எல்லாவற்றையும் படித்துச் சரிபார்க்கும் ஸ்க்ரப் ஓடினால்தான் வெளியே வரும். உபுண்டு லினக்ஸில் மாதத்தின் இரண்டாம் ஞாயிறு தானாகவே ஓடும், அன்று மட்டும் சர்வரை அணைத்து வைக்காதீர்கள்.