வியர்க்காத உடற்பயிற்சியும் உடற்பயிற்சிதான்

உடற்பயிற்சி ஏன் செய்யவில்லை என்று கேட்டால் எல்லோரும் முதலில் சொல்வது நேரமில்லை என்பதுதான். நான் இயன்முறை மருத்துவர். இடுப்புவலி, முழங்கால்வலி, தோள்பட்டை இறுக்கம் என்று வருகிறவர்களிடம் கொஞ்ச நேரம் பேச்சுக் கொடுத்தால், அடுத்த காரணம் மெல்ல வெளியே வரும். வங்கிக் கவுன்ட்டரில் வேலை பார்க்கும் ஒரு பெண்மணி அதைப் பட்டென்று போட்டு உடைத்தார்: "நடக்கச் சொல்கிறீர்கள், படி ஏறச் சொல்கிறீர்கள். நனைந்த ஜாக்கெட்டோடு நாள் முழுக்க ஆட்கள் முன்னால் யார் மேடம் உட்காருவது?"

நியாயமான கேள்வி. சென்னையில் மே மாதம் காலை எட்டரை மணிக்குப் பஸ் நிறுத்தம் வரை போய் நின்றாலே முதுகு நனைந்துவிடும். பெரும்பாலான அலுவலகங்களில் குளிக்க இடம் கிடையாது, உடை மாற்ற அறை கிடையாது. ஆண்கள் கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டு சமாளித்துவிடுகிறார்கள். பின்னிய தலைமுடிக்குள் வியர்வை இறங்கினால் அது உலர்வதற்குள் மதியச் சாப்பாட்டு நேரம் வந்துவிடும். இதைச் சோம்பேறித்தனம் என்று சொல்கிறவர்கள், ஈரச் சேலையோடு ஒரு நாள் கவுன்ட்டரில் உட்கார்ந்து பார்க்கலாம்.

ஆனால் இந்தப் பயத்துக்குள் ஒரு தவறான நம்பிக்கையும் ஒளிந்திருக்கிறது. வியர்த்துக் கொட்டினால்தான் உடற்பயிற்சி, இல்லையென்றால் அது கணக்கில் சேராது என்ற நம்பிக்கை. நம் தசைகள் செலவிடும் ஆற்றலில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்குதான் வேலையாக மாறுகிறது. மீதி அத்தனையும் வெப்பம். அந்த வெப்பம் சேர்ந்து உடலின் உள்வெப்பநிலை கூடத் தொடங்கும்போது தோலுக்கு உத்தரவு போகிறது, வியர்வைச் சுரப்பிகள் திறக்கின்றன. ஆக, வியர்வை காட்டுவது உடம்பில் சேர்ந்துபோன வெப்பத்தை. அதே நடையை ஜனவரியில் ஊட்டியில் நடந்தால் சட்டை நனையாது. தசைகள் செய்த வேலை என்னவோ ஒன்றுதான். கடற்கரை ஊர்களில் காற்றிலேயே ஈரம் மிகுந்திருப்பதால் வியர்வை ஆவியாகாமல் வழிந்து ஓடுகிறது. வழிகிற வியர்வை உடம்பைக் குளிர்விப்பதுமில்லை.

பிளாஸ்டிக் ஜாக்கெட்டை மாட்டிக்கொண்டு பூங்காவில் ஓடுகிறவர்களைப் பார்த்திருப்பீர்கள். ஓடி முடித்து எடை பார்த்தால் அரைக் கிலோ குறைந்திருக்கும். அது கொழுப்பல்ல, தண்ணீர். வீட்டுக்குப் போய் ஒரு சொம்பு குடித்தால் திரும்பி வந்துவிடும். வெயில் காலத்தில் இந்த ஜாக்கெட் ஆபத்தானதும்கூட.

வெப்பம் சேர்வதற்கு நேரம் பிடிக்கும். நாம் பிடித்துக்கொள்ள வேண்டிய நுனி இதுதான். அரை மணி நேர உழைப்பை ஒரே மூச்சில் செய்தால் வெப்பம் தேங்குகிறது. அதையே இரண்டு மூன்று நிமிடத் துண்டுகளாக்கி நாள் முழுக்கத் தூவினால், ஒவ்வொரு துண்டின் வெப்பமும் அடுத்தது வருவதற்குள் வெளியேறிவிடுகிறது. துண்டு துண்டாகச் செய்தால் பலன் உண்டா என்ற சந்தேகம் மருத்துவர்களிடமே நெடுநாள் இருந்தது. குறைந்தது பத்து நிமிடம் தொடர்ந்து செய்தால்தான் கணக்கு என்று உலக சுகாதார நிறுவனம் முன்பு சொல்லிவந்தது. 2020-இல் வெளியான வழிகாட்டுதலில் அந்த நிபந்தனையை நீக்கிவிட்டார்கள். வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம் மிதமான உழைப்பு, இரண்டு நாளாவது தசைக்கு வலுவூட்டும் பயிற்சி என்ற அளவு அப்படியே இருக்கிறது. ஆனால் அதை எத்தனை துண்டாக வேண்டுமானாலும் வெட்டிக்கொள்ளலாம்.

வேலையோடு கலந்த உழைப்புக்குப் பலன் உண்டு என்பதற்குப் பழைய சாட்சி லண்டன் பஸ்கள். ஜெர்ரி மாரிஸ் என்ற மருத்துவர் அங்கே இரட்டை அடுக்குப் பஸ்களின் ஓட்டுநர்களையும் கண்டக்டர்களையும் ஒப்பிட்டு 1953-இல் ஓர் ஆய்வை வெளியிட்டார். நாள் முழுக்க மாடிக்கும் கீழுக்குமாக ஏறி இறங்கிய கண்டக்டர்களைவிட, உட்கார்ந்தே ஓட்டியவர்களுக்கு மாரடைப்பு அதிகம். மாரிஸ் நேர்மையான மனிதர். சில ஆண்டுகள் கழித்துச் சீருடை அளவுப் பதிவுகளைப் புரட்டி, ஓட்டுநர்களின் இடுப்புச் சுற்றளவு முதலிலிருந்தே சற்றுப் பெரிது என்பதையும் அவரே எழுதினார். ஆகவே எல்லாப் பெருமையும் படிகளுக்கே சேராது. ஆனாலும் அந்தக் கண்டக்டர்கள் யாரும் உடற்பயிற்சி செய்வதாக நினைத்துக்கொண்டு ஏறவில்லை. டிக்கெட் கொடுக்க ஏறினார்கள். (நம் ஊரில் கண்டக்டர் இருக்கையில் அமர்ந்திருக்க, சில்லறை கைமாறிக் கைமாறி அவரிடம் போய்ச் சேரும் வழக்கத்தைப் பற்றி மாரிஸ் என்ன சொல்லியிருப்பாரோ!)

இனி வங்கிப் பெண்மணிக்கு நான் சொன்னவற்றுக்கு வருகிறேன்.

முதலில், காலையில் நடக்க வேண்டாம் என்றேன். ஆச்சரியமாகப் பார்த்தார். போகும்போது பஸ், வரும்போது நடை. வீடு திரும்பும்போது எவ்வளவு வியர்த்தால் யாருக்கு என்ன? போய்க் குளிக்கத்தானே போகிறோம். மாலையில் இரண்டு நிறுத்தம் முன்னாலேயே இறங்கி நடந்தால் போதும். காலையில் நடந்தே தீர வேண்டியவர்கள் கடைசி ஐந்து நிமிடத்தை மெதுவாக்க வேண்டும். வேகமாக வந்து நாற்காலியில் விழுந்த பிறகுதான் பொலபொலவென்று வியர்ப்பதைக் கவனித்திருப்பீர்கள். நடக்கும்போது மேலே பட்ட காற்று நின்றுவிடுகிறது, உள்ளே சேர்ந்த வெப்பம் மட்டும் அப்படியே இருக்கிறது. முதுகில் மாட்டும் பையும் ஒரு குற்றவாளி. அது மூடிய இடத்தில் காற்றே போகாது. கையில் பிடிக்கும் பைக்கு மாறினாலே முதுகு பாதி உலர்ந்திருக்கும்.

அடுத்து, படி. ஏறுவதற்கு லிஃப்ட்டில் போங்கள், இறங்குவதற்குப் படியில் வாருங்கள் என்பேன். இதைக் கேட்டுச் சிரிக்காதவர்கள் குறைவு. இறங்கும்போது தொடையின் முன்பக்கத் தசை நீண்டுகொண்டே உடல் எடையைத் தாங்குகிறது. தசைக்கு இது நல்ல வேலை. ஆனால் ஏறுவதற்கு ஆகும் ஆற்றலில் சிறு பங்குதான் இதற்குச் செலவாகிறது, அதனால் வெப்பமும் குறைவு. தைவானில் உடல் பருமன் கொண்ட மூத்த பெண்களை இரண்டு குழுவாக்கி, ஒரு குழுவை 12 வாரம் ஏற மட்டும், மற்றதை இறங்க மட்டும் வைத்தார்கள். 2017-இல் வெளியான அந்த முடிவுகளில், இறங்கியவர்களுக்கே தசை வலுவும் இன்சுலின் செயல்திறனும் கூடுதலாக முன்னேறியிருந்தன. இரண்டு எச்சரிக்கைகள்: முதல் சில நாட்கள் தொடை வலிக்கும், அது போய்விடும். முழங்கால் சிப்பிக்கு அடியில் ஏற்கெனவே வலி உள்ளவர்களுக்கு இறங்குவது அதைக் கிளறிவிடும், அவர்களுக்கு இது வேண்டாம். மற்றவர்களும் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டே இறங்க வேண்டும். சேலைக் கொசுவத்தை ஒரு கையால் தூக்கிக்கொண்டு, மறு கையில் கைபேசியைப் பார்த்துக்கொண்டே இறங்கி, கணுக்கால் பிசகி என்னிடம் வந்தவர்கள் உண்டு.

மூன்றாவது, சாப்பாட்டுக்குப் பிந்தைய நடை. சர்க்கரை உள்ளவர்களுக்கு நான் முதலில் எழுதிக் கொடுப்பது இதைத்தான். இந்தியாவில் 10 கோடிக்கும் மேற்பட்டோருக்கு நீரிழிவு இருப்பதாக இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆதரவில் நடந்த ஆய்வு 2023-இல் கணக்கிட்டது. நம் தட்டில் சோறு மலையாகக் குவிந்திருக்கும் மதிய வேளையில்தான் ரத்தச் சர்க்கரை எகிறுகிறது. அப்போது நடந்தால், வேலை செய்யும் தசை ரத்தத்திலிருந்து சர்க்கரையை நேரடியாக இழுத்துக்கொள்கிறது. நியூசிலாந்தில் நீரிழிவாளர்களிடம் நடத்தி 2016-இல் வெளியிட்ட ஆய்வில், நாளில் ஏதாவதொரு நேரத்தில் ஒரே மூச்சாக அரை மணி நேரம் நடப்பதைவிட, மூன்று வேளையும் சாப்பிட்ட பிறகு பத்துப் பத்து நிமிடம் நடந்தபோது சாப்பாட்டுக்குப் பிந்தைய சர்க்கரை 12 சதவீதம் குறைவாக இருந்தது. இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு வித்தியாசம் இன்னும் அதிகம். மொத்த நடை அதே அரை மணி நேரம்தான். பத்து நிமிடத்தை ஏசி அறையிலோ வராந்தா நிழலிலோ உலாவுவதுபோல நடந்தால் நெற்றியில்கூட வியர்க்காது. சாப்பிட்டதும் மேஜைமேல் தலைசாய்க்கிற வழக்கத்தைத்தான் கொஞ்சம் விட்டுக்கொடுக்க வேண்டியிருக்கும்.

இருந்த இடத்திலேயே செய்வதற்கு இரண்டு காட்டினேன். ஒன்று, கை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து எழுந்து உட்காருவது. இருக்கையின் முன்விளிம்புக்கு நகர்ந்து வர வேண்டும். பாதங்களைச் சற்றுப் பின்னுக்கு இழுத்து முழுதாகத் தரையில் பதிக்க வேண்டும். கைகளை மார்பின் குறுக்கே கட்டிக்கொண்டு, மூக்கு கால்விரல்களுக்கு நேராக வரும்வரை முன்னால் சாய்ந்து எழ வேண்டும். உட்காரும்போது மனதுக்குள் மூன்று எண்ணி மெல்ல இறங்க வேண்டும். பெரும்பாலோர் கடைசி நான்கு விரற்கடையில் தொப்பென்று விழுவார்கள். தசை தளர்ந்திருப்பது அந்த இடத்தில்தான் தெரியும். அடியில் சக்கரம் வைத்த அலுவலக நாற்காலியாக இருந்தால் சுவரோடு ஒட்டி வைத்துக்கொள்ள வேண்டும், இல்லையென்றால் அது உருண்டுவிடும், நாம் தரையில். முதல் நாள் அந்தப் பெண்மணி மூன்றாவது முறை எழும்போது மேஜையைப் பிடித்துவிட்டார். வயது நாற்பத்தைந்துகூட ஆகவில்லை.

மற்றொன்று குதிகால் உயர்த்துவது. அதற்கு நேரத்தை அவரே கண்டுபிடித்தார். பணம் எண்ணும் இயந்திரம் சடசடவென்று ஓடும்போது நின்றுகொண்டு குதிகால்களைத் தூக்கி இறக்குகிறார். ஒரு கட்டு எண்ணி முடிவதற்குள் இரண்டு முறை எழலாம். நாளில் எத்தனை கட்டு! கவுன்ட்டருக்கு வெளியே நிற்பவருக்கு எதுவும் தெரியாது. கெண்டைக்கால் தசை சுருங்கும்போதெல்லாம் காலில் தேங்கிய ரத்தத்தை மேலே தள்ளுகிறது. மாலையில் செருப்பு இறுக்கிப் பிடிப்பது குறைந்திருக்கிறது என்று பின்னொரு முறை வந்தபோது சொன்னார்.

சுவரில் சாய்ந்து, நாற்காலி இல்லாமலே நாற்காலியில் உட்கார்வதுபோல நிற்கும் பயிற்சியும் உண்டு. அசைவே இல்லை, ஆனால் தொடை நடுங்கும். 270 ஆய்வுகளைத் தொகுத்து 2023-இல் வெளியான ஓர் அலசலில், ரத்த அழுத்தத்தைக் குறைப்பதில் இதுபோன்ற அசையாப் பயிற்சிகளே முன்னால் நின்றன. தலா இரண்டு நிமிடம், இடையில் ஓய்வு, நான்கு முறை, வாரத்துக்கு மூன்று நாள் என்பது வழக்கமான அளவு. தொடக்கத்தில் இருபது விநாடி தாண்டினாலே பெரிய விஷயம். முழுதாக இறங்காமல் பாதி இறங்கினால் போதும். வழுவழுப்பான தரையில் காலுறையோடு செய்யக் கூடாது. மூச்சை அடக்கக் கூடாது. அடக்கினால் அந்த நேரத்தில் ரத்த அழுத்தம் சட்டென்று ஏறும். அழுத்தம் கட்டுக்குள் இல்லாதவர்களும் இதய நோயாளிகளும் மருத்துவரைக் கேட்காமல் இதைத் தொட வேண்டாம்.

ஜவுளிக்கடையில் நாள் முழுக்க நிற்கிறவர்களுக்கு இந்தப் பட்டியல் பொருந்தாது. நிற்பது உடற்பயிற்சி ஆகாது. அவர்களுக்கு வேண்டியது இடையிடையே உட்கார்வது. 2021-இல் தமிழ்நாட்டில் கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம் திருத்தப்பட்டு, ஊழியர்களுக்கு இருக்கை வசதி கட்டாயமாக்கப்பட்டது. இருக்கை இருக்கிறதா என்பதைவிட, அதில் உட்கார்ந்தால் மேற்பார்வையாளர் முறைக்காமல் இருக்கிறாரா என்று கேட்பதுதான் என் வழக்கம்.

இதையெல்லாம் செய்தால் பூங்கா நடையும் ஓட்டமும் தேவையே இல்லையா? அப்படிச் சொல்ல மாட்டேன். நுரையீரலும் இதயமும் தாங்குதிறன் பெற மூச்சு வாங்க வேண்டும். பேச முடிய வேண்டும், பாட முடியக் கூடாது, அதுதான் மிதமான உழைப்பின் அடையாளம். உலாவும் நடையில் பாட்டே பாடலாம். ஆனால் மூச்சு வாங்குவதற்கும் வியர்க்க வேண்டிய கட்டாயம் இல்லை. உடல்நிலை இடம் கொடுக்கிறவர்கள் இரண்டு மாடியை விறுவிறுவென்று ஏறினால் ஒரு நிமிடத்துக்குள் மூச்சு வாங்கிவிடும், வியர்வை வருவதற்குள் வேலை முடிந்துவிடும். பிரிட்டனில் உடற்பயிற்சியே செய்யாத 25,000 பேரின் கையில் கருவி கட்டி அளந்த ஆய்வு ஒன்று 2022-இல் வந்தது. அன்றாட வேலைகளுக்கு நடுவே ஓரிரு நிமிடம் இப்படி வேகமாக உழைத்தவர்களிடம் இறப்பு விகிதம் குறைவாக இருந்தது. அது காரணத்தை நிரூபித்த ஆய்வல்ல, ஒரு தொடர்பைக் காட்டியது, அவ்வளவே. ஞாயிற்றுக்கிழமையாவது தாராளமாக வியர்த்துக்கொள்ளலாம்.

ஒரு வியர்வையை மட்டும் அலட்சியப்படுத்தக் கூடாது. உழைக்காமல், சும்மா இருக்கும்போது சில்லென்று வியர்த்து, கூடவே நெஞ்சில் அழுத்தம், தாடை அல்லது கைவலி, மூச்சுத் திணறல் இருந்தால் அது மாரடைப்பாக இருக்கலாம். வாயுக்கோளாறு என்று சோடா குடித்துக் காத்திருக்க வேண்டாம், 108-ஐ அழையுங்கள். இன்சுலின் போடுகிறவர்களுக்கும் சில வகைச் சர்க்கரை மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கும் வியர்வையோடு கைநடுக்கம், படபடப்பு, திடீர்ப் பசி வந்தால் சர்க்கரை இறங்கியிருக்கிறது என்று பொருள். நடையைக் கூட்டத் தொடங்கும் நாட்களில் இது நேர வாய்ப்பு அதிகம். மூன்று தேக்கரண்டி சர்க்கரை அல்லது குளுக்கோஸைத் தண்ணீரில் கலந்து குடித்து, உட்கார்ந்து, கால் மணி நேரம் கழித்து மீண்டும் அளந்து பாருங்கள். ஏறவில்லையென்றால் இன்னொரு முறை குடியுங்கள். மருந்தின் அளவை மாற்ற வேண்டுமா என்று அன்றைக்கே உங்கள் மருத்துவரிடம் கேளுங்கள்.