தற்கொலை முயற்சிக்குப் பின் வரும் மாதங்கள்

உலகம் முழுக்க 2021இல் மட்டும் ஏறத்தாழ 7,27,000 பேர் தற்கொலையால் இறந்தார்கள் என்கிறது உலக சுகாதார நிறுவனம். முயன்று பிழைத்தவர்கள் இதைவிடப் பல மடங்கு. பிழைத்தவர்களைப் பற்றிப் பேச்சே இருப்பதில்லை. உடல் தேறியதும் வீட்டுக்கு அனுப்பிவிடுகிறார்கள். வெளியே தெரிய வேண்டாம் என்று குடும்பமும் வாயை மூடிக்கொள்கிறது. ஆனால் தடுப்பு வேலை முதலில் போய்ச் சேர வேண்டியது இவர்களிடம்தான்.

காரணம் இதுதான்: இதுவரை தெரிந்த ஆபத்துக் காரணிகளில் மிக வலுவானவற்றில் ஒன்று, ஏற்கெனவே ஒருமுறை முயன்றிருப்பது. தனக்குத் தானே தீங்கு செய்துகொண்டு மருத்துவமனைக்கு வருபவர்களில் நூற்றுக்குச் சுமார் 16 பேர் ஓராண்டுக்குள் மறுபடி அதே நிலையில் வருகிறார்கள். இதைப் படித்ததும் மனம் தளர வேண்டாம். 1978இல் ரிச்சர்ட் சீடன் என்ற ஆய்வாளர், ஒரு பாலத்தில் தடுத்து நிறுத்தப்பட்ட 515 பேர் பிறகு என்ன ஆனார்கள் என்று தேடிப் பார்த்தார். பல ஆண்டுகள் கழிந்தும் நூற்றுக்கு 94 பேர் உயிரோடு இருந்தார்கள், அல்லது இயற்கையாக இறந்திருந்தார்கள். ‘சாக முடிவெடுத்தவரைத் தடுக்கவே முடியாது’ என்ற பேச்சு உண்மையில்லை.

எண்ணம் வேறு, முயற்சி வேறு. 17 நாடுகளில் 84,850 பேரிடம் நடந்த ஆய்வில், வாழ்நாளில் எப்போதாவது தற்கொலை எண்ணம் வந்ததாகச் சொன்னவர்கள் 9.2 சதவீதம், முயன்றவர்கள் 2.7 சதவீதம். எண்ணம் வந்தவர்களில் பத்தில் ஏழு பேர் முயற்சி வரை போகவே இல்லை. போனவர்களில் பெரும்பாலோர், எண்ணம் தலைகாட்டிய முதல் ஆண்டுக்குள்ளேயே போனார்கள். மனச்சோர்வு இந்த எண்ணத்தைக் கொண்டுவருகிறது. எண்ணத்திலிருந்து செயலுக்குத் தள்ளுவதில் கடும் பதற்றம், உந்துதலை அடக்க முடியாமை, குடி, போதை ஆகியவற்றின் பங்கு அதிகம். அதனால் ஒருவர் சோகமாக இருக்கிறாரா என்று மட்டும் பார்த்தால் போதாது. தூக்கமில்லாமல், நிலைகொள்ளாமல் தவிக்கிறாரா, குடி கூடியிருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும்.

சரி, இவ்வளவு தெரிந்தபின் யார் முயல்வார்கள் என்று முன்கூட்டியே சொல்லிவிடலாமா? முடியாது. ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு லட்சம் பேர் உள்ள ஊரில் ஆண்டுக்கு 10 பேர் இப்படி இறக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். பத்துக்கு ஒன்பது முறை சரியாகச் சொல்லும் ஒரு பரிசோதனை நம்மிடம் இருக்கிறது. அது அந்தப் பத்தில் 9 பேரைக் கண்டுபிடித்துவிடும். கூடவே, ஆபத்தில் இல்லாத 9,999 பேரையும் ஆபத்தில் இருப்பதாகக் காட்டும். யார் அந்த ஒன்பது பேர் என்று எப்படிப் பிரிப்பது? உண்மையில் இவ்வளவு துல்லியமான பரிசோதனையும் நம்மிடம் இல்லை. ஐம்பது ஆண்டுகளில் வந்த 365 ஆய்வுகளைத் தொகுத்து 2017இல் வெளியான அலசல், நமக்குத் தெரிந்த காரணிகளை வைத்துக் கணிப்பது குருட்டு ஊகத்தைவிடக் கொஞ்சம்தான் மேல் என்று காட்டியது. ஆபத்தை அளக்கும் இப்படிப்பட்ட பரிசோதனையில் மதிப்பெண் குறைவாக வந்தது என்று ஒருவரை வீட்டுக்கு அனுப்புவது தவறு என்றே நான் நினைக்கிறேன்.

கணிக்க முடியாவிட்டாலும் தடுக்க முடியும். முயன்று பிழைத்த 82 பேரிடம் நடந்து 2009இல் வெளியான ஓர் ஆய்வில், ஏறக்குறைய பாதிப் பேர் எண்ணம் வந்ததற்கும் முயற்சிக்கும் இடையே பத்து நிமிடமோ அதற்கும் குறைவோதான் இருந்தது என்றார்கள். அந்தக் குறுகிய நேரத்தில் கைக்கு எட்டும் தூரத்தில் என்ன இருக்கிறது என்பதைப் பொறுத்தே பிழைப்பதும் இறப்பதும் அமைகிறது. இலங்கையில் 1990களிலிருந்து கொடிய நச்சுள்ள பூச்சிக்கொல்லிகளைப் படிப்படியாகத் தடை செய்தார்கள். 20 ஆண்டுகளில் தற்கொலை விகிதம் சுமார் 70 சதவீதம் இறங்கியது. தொடக்கத்தில் மருத்துவமனைக்கு வந்தவர்களின் எண்ணிக்கை குறையவில்லை. வந்தவர்கள் பிழைத்தார்கள், அதுதான் வித்தியாசம்.

பிழைத்தவர்களுக்கு அப்புறம் என்ன செய்வது? சென்னை, கொழும்பு உட்பட ஐந்து நாடுகளின் ஐந்து நகரங்களில் உலக சுகாதார நிறுவனம் 1,867 பேரை வைத்து ஓர் ஆய்வு நடத்தியது. ஒரு பாதிக்கு வழக்கமான சிகிச்சை. மறுபாதிக்கு அதோடு ஒரு மணி நேரப் பேச்சு, பிறகு 18 மாதங்களில் ஒன்பது முறை தொலைபேசியிலோ நேரிலோ விசாரிப்பு. முதல் ஐந்து விசாரிப்புகளும் 1, 2, 4, 7, 11ஆம் வாரங்களில் நெருக்கமாக வந்தன. ஆபத்து அதிகமான காலம் அதுதான். 18 மாத முடிவில், வழக்கமான சிகிச்சை மட்டும் பெற்றவர்களில் 2.2 சதவீதம் பேர் தற்கொலையால் இறந்திருந்தார்கள். விசாரிக்கப்பட்டவர்களில் 0.2 சதவீதம்.

வீட்டில் இப்படி ஒருவர் இருந்தால், மருத்துவமனையிலிருந்து கிளம்பும்போதே அடுத்த சந்திப்புக்குத் தேதி வாங்கிவிடுங்கள். ஆபத்தான பொருள்களை வீட்டைவிட்டே அப்புறப்படுத்துங்கள். ‘சாகணும்னு தோணுதா?’ என்று நேராகவே கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் கூடுவதில்லை என்று பல ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. அந்த எண்ணம் உங்களுக்கே இருந்தால், இன்றைக்கே நம்பிக்கையான ஒருவரிடமோ மருத்துவரிடமோ உதவி எண்ணிலோ சொல்லிவிடுங்கள்.