மஜ்யர்: ஒரு சொல் விளக்கம்

அங்கேரி நாட்டின் பெரும்பான்மை மக்கள் தம்மையும் தம் மொழியையும் குறிக்க வழங்கும் சொல் 'மஜ்யர்'. உரோமன் எழுத்தில் வரும் 'ஜி'யைப் பார்த்து 'மாகியர்' என்று தமிழில் எழுதிவிடுகிறார்கள். அம்மொழியில் ஜி, ஒய் ஆகிய இரண்டும் சேர்ந்து ஒரே ஒலியைக் குறிக்கும். நடுநா அண்ணத்தை ஒட்டிப் பிறக்கும் அந்த ஒலிக்குத் தமிழில் 'ஜ்ய' நெருக்கமானது என்பதால் 'மஜ்யர்' என்பதே தக்க வடிவம்.

இச்சொல்லின் முற்பகுதியும், மேற்குச் சைபீரியாவில் ஓப் ஆற்றுப் படுகையில் வாழும் மான்சி மக்களின் பெயரும் ஒரே வேரிலிருந்து வந்தவை என்றும், பிற்பகுதிக்கு 'ஆண்' என்பது பொருள் என்றும் மொழியியலாளர் பலர் கொள்கின்றனர். மொழியுறவும் இதற்குத் துணைநிற்கிறது: மான்சியும் அங்கேரியமும் பின்லாந்தின் பின்னிய மொழியும் ஒரே மொழிக்குடும்பத்தைச் சேர்ந்தவை. நீரை அங்கேரிய மொழி 'வீஸ்' என்கிறது, பின்னிய மொழி 'வெசி' என்கிறது. குருதி முன்னதில் 'வேர்', பின்னதில் 'வெரி'. ஊரல் மலைப் பகுதியிலிருந்து மேற்கே வோல்கா ஆற்றுப் பக்கமும், பின்னர் கருங்கடலுக்கு வடக்கிலுள்ள புல்வெளிகளுக்கும் நகர்ந்த இம்மக்கள், அவ்வழியில் துருக்கிய இனத்தாருடன் நெடுங்காலம் பழகினர். ஆப்பிள், கோதுமை, காளை ஆகியவற்றுக்கான அவர்களின் சொற்கள் துருக்கிய மொழிக்குடும்பத்திலிருந்து வந்தவை என்பதால், உழவிலும் கால்நடை வளர்ப்பிலும் அவர்கள் யாரிடம் கற்றார்கள் என்பதை அகராதியே சொல்லிவிடுகிறது.

அயலார் இட்ட பெயரின் வரலாறு வேறு. 'பத்துக் குடிகள்' என்று பொருள்படும் 'ஓனோகுர்' என்னும் துருக்கியக் கூட்டுப்பெயரே 'உங்கரி' ஆயிற்று. 862ஆம் ஆண்டுக்குரிய பிராங்கிய ஆண்டுக்குறிப்பு இவர்களை 'உங்கிரி' என்றே குறிக்கிறது. முன்னால் ஒட்டிய ஹகரம் இலத்தீன் எழுத்தில் பின்னர் நேர்ந்தது. ஹூணர்களோடு இவர்களை ஒன்றாக்கிய இடைக்கால நம்பிக்கையை அது வலுப்படுத்தியது. ஆனால் ஹூணர் அரசன் அத்திலா இறந்தது 453இல், மஜ்யர் இன்றைய அங்கேரி அமைந்துள்ள கார்ப்பாத்தியப் படுகைக்குள் புகுந்ததோ 895 வாக்கில். ஜெர்மானியர் இன்றும் 'உங்கார்ன்' என்றே அந்நாட்டை அழைக்கின்றனர். ஆகவே 'ஹங்கேரி'யை விடத் தமிழ் மரபுப்படி ஹகரம் நீங்கிய 'அங்கேரி'யே பழைய வடிவுக்கு அணுக்கமானது. இதைத் தயங்காமல் எழுதலாம்.

கார்ப்பாத்தியப் படுகைக்குள் நிகழ்ந்த அந்தக் குடிபுகலை அம்மக்கள் 'ஹொன்ஃபொக்லலாஷ்' என்பர். 'தாயகங்கொள்ளல்' என்பது நேர்த்தமிழ். பெச்செனேகர் என்னும் துருக்கிய நாடோடிகளின் தாக்குதலால் கருங்கடலுக்கு வடக்கிலிருந்த எதெல்கோஸ் புல்வெளியை இழந்த ஏழு மஜ்யர் குடிகளும், துருக்கியரின் கசார் அரசிலிருந்து பிரிந்து வந்த கபார் என்னும் குடியினரும் ஆர்பாத் தலைமையில் மலைக்கணவாய்களைக் கடந்தனர். அவ்வேழு குடிகளுள் ஒன்றின் பெயர் 'மெஜ்யெர்'. இனம் முழுமைக்குமான 'மஜ்யர்' அதே சொல்லின் மறுவடிவம். விட்டுவந்த கிழக்கில் தங்கிய உறவினரையும் அவர்கள் மறக்கவில்லை. 1235இல் புறப்பட்ட துறவி ஜூலியன், வோல்கா அருகே தம் மொழி பேசுவோரைக் கண்டு வந்து சொன்னார்.

நாட்டையும் குடிமக்களையும் குறிக்க 'அங்கேரி', 'அங்கேரியர்' எனவும், இனத்தைக் குறிக்க 'மஜ்யர்' எனவும் பிரித்தெழுதுவது நலம். ஏனெனில் பழைய அங்கேரி அரசில் ஸ்லோவாக்கியரும் குரோவாசியரும் ஜெர்மானியரும் குடிகளாக இருந்தனர். ஸ்லோவாக்கிய மொழி இவ்வேறுபாட்டைக் காத்து, 1918க்கு முந்தைய அரசுக்கு 'உஹொர்ஸ்கோ' என்றும் இன்றைய நாட்டுக்கு 'மஜ்யர்ஸ்கோ' என்றும் தனித்தனிப் பெயர் வைத்திருக்கிறது.