உவரிக் கரையில் புதையல் ஏன் இடம் மாறியது?

திசையன்விளையிலிருந்து ஓர் ஆசிரியை கேட்டிருக்கிறார்: "மார்ச் மாதம் உவரிக் கடற்கரையில் பிள்ளைகளுக்குக் கடல்கொள்ளையர் புதையல் வேட்டை வைத்தோம். மதியமே டப்பாக்களை ஒளித்துவிட்டு, ஒவ்வோர் இடத்தின் ஜிபிஎஸ் எண்களையும் எழுதிக் கொடுத்தோம். சாயங்காலம் வரை சரியாகப் போய் எடுத்தார்கள். இரவு எட்டரை மணிக்குக் கடைசி டப்பாவைத் தேடினால், செல்பேசியில் புள்ளி ஓரிடத்தில் நிற்கவே இல்லை. வானத்தில் மேகம்கூடக் கிடையாது. என்ன காரணம்?"

இந்த விளையாட்டின் பெயர் ஜியோகேச்சிங். 2000 மே மாதத் தொடக்கம் வரை, பொதுமக்களுக்கான ஜிபிஎஸ் சமிக்ஞையில் அமெரிக்க அரசு வேண்டுமென்றே பிழை சேர்த்து வந்தது. அதை நிறுத்திய கையோடு, மே 3 அன்று ஓரிகன் மாநிலத்தில் ஒருவர் காட்டில் ஒரு வாளியை வைத்து, இடத்தின் எண்களை இணையத்தில் போட்டார். அங்கே தொடங்கியது இது.

ஜிபிஎஸ் வேலை செய்யும் விதம் பலருக்குத் தெரிந்ததுதான். சுமார் 20,200 கி.மீ. உயரத்தில் சுற்றும் செயற்கைக்கோள்கள் நேரத்தைச் சொல்லிக்கொண்டே இருக்கின்றன. அந்தச் சேதி நம்மிடம் வந்துசேர எடுக்கும் நேரத்தை ஒளியின் வேகத்தால் பெருக்கினால் தூரம் கிடைக்கும். நான்கு செயற்கைக்கோள்கள் தெரிந்தால் நம் இடம் தெரிந்துவிடும். மேகம் இதைத் தடுப்பதில்லை. தடுப்பது அதற்கும் மிக மேலே இருக்கிறது.

பகலில் சூரியனின் புற ஊதாக்கதிர், உயரத்துக் காற்றிலுள்ள அணுக்களிலிருந்து எலக்ட்ரான்களைப் பிய்த்தெடுக்கிறது. எலக்ட்ரானை இழந்த அணுக்கள்தான் அயனிகள். அவையும் பிரிந்த எலக்ட்ரான்களும் கலந்து கிடப்பது பிளாஸ்மா. அந்தப் பிளாஸ்மா அடுக்குதான் அயனி மண்டலம். பூமியின் காந்தக் கோடுகள் தரைக்கு இணையாகப் படுத்துக் கிடக்கும் இடத்தைக் காந்த நடுக்கோடு என்கிறோம். அது நம் நெல்லைச் சீமையை ஒட்டிச் செல்கிறது! படுத்துக் கிடக்கும் அந்தக் கோடுகள்தான் பிளாஸ்மாவைக் கீழே விழாமல் தாங்குகின்றன.

பொழுது சாயும்போது நடப்பதை நினைத்தாலே எனக்குச் சிலிர்க்கும். அந்த நேரத்தில் அங்கே மின்புலம் சட்டென்று வலுத்து, அடுக்கு முழுவதையும் இன்னும் உயரே தூக்குகிறது. அதே சமயம், வெயில் போய்விட்டதால் அடுக்கின் கீழ்ப்பகுதியில் எலக்ட்ரான்களும் அயனிகளும் வேகமாக மீண்டும் சேர்ந்துவிடுகின்றன. கீழே வெறுமை, மேலே அடர்த்தி. நல்லெண்ணெய்க்கு மேலே தண்ணீரை நிறுத்தி வைத்ததுபோல, நிலைக்கவே முடியாத நிலை. எங்கோ ஒரு சின்னச் சலனம் போதும், அடுக்கின் அடிப்பரப்பு அலைபோல நெளியும். அந்த அலையின் இரு பக்கமும் எதிரெதிர் மின்னூட்டம் சேரும். அதனால் பிறக்கும் மின்புலம் வெறுமையான பகுதியை இன்னும் மேலே தள்ளும். தள்ளத் தள்ள மின்னூட்டம் கூடும். கூடக்கூட மேலும் தள்ளும். இப்படித்தான் பிளாஸ்மாக் குமிழிகள், அதாவது பிளாஸ்மா குறைந்த வெறுமைகள், கிளம்புகின்றன. சில 1,000 கி.மீ. உயரத்தையும் தாண்டும். காந்தக் கோடுகளைப் பிடித்துக்கொண்டு வடக்கும் தெற்குமாக நீளும், கிழக்கு நோக்கி நகரும்.

குமிழிக்குள் சில நூறு மீட்டர் அளவிலான அடர்த்தி மேடுபள்ளங்கள் இருக்கும். ஜிபிஎஸ் அலை அவற்றினூடே வரும்போது சிதறி, ஒரு நொடி பலமாகவும் மறுநொடி மங்கலாகவும் வந்து சேரும். மிகவும் மங்கினால் செல்பேசி அந்தச் செயற்கைக்கோளைத் தவறவிடும். மிச்சம் உள்ளவற்றை வைத்துக் கணக்குப் போடுவதால் புள்ளி அலைபாயும். நம் பகுதியில் மார்ச், ஏப்ரல், செப்டம்பர், அக்டோபர் மாதங்களின் முன்னிரவுகளில் இது அதிகம். 11 ஆண்டுக்கு ஒருமுறை வரும் சூரியச் செயல்பாட்டின் உச்சத்தை ஒட்டிய ஆண்டுகளில் இன்னும் அதிகம். பனங்கூட்டத்தில் பட்டுத் தெறிக்கும் அலையும் புள்ளியைக் கொஞ்சம் ஆட்டும். ஆனால் மதியம் சரியாக இருந்து எட்டரை மணிக்குக் கெட்டது என்றால், என் சந்தேகம் குமிழி மேல்தான்.

இதையெல்லாம் ஆராயும் நிலையம் திருச்செந்தூர் சாலையில், கிருஷ்ணாபுரத்திலேயே இருக்கிறது. இந்தியப் புவிக்காந்தவியல் நிறுவனத்தின் நிலையம் அது. கோயில் சிற்பங்களைப் பார்க்கப் போகிற கூட்டத்தில் எத்தனை பேருக்கு இது தெரியும்? மை போட்டுப் பார்த்துப் புதையல் காட்டுகிறேன் என்பவனிடம் ஆயிரக்கணக்கில் கொடுத்து ஏமாறுகிறோம். இன்றைக்கும் அதற்காகப் பழைய கோயில்களைத் தோண்டுகிறார்கள், மனசு கொதிக்கிறது. வானத்தை ராத்திரி முழுக்கப் பார்த்துக் கணக்கெடுக்கிற இப்படிப்பட்ட நிலையங்களுக்கு அரசு தாராளமாகப் பணம் ஒதுக்க வேண்டும். மாவட்டப் பள்ளிப் பிள்ளைகளை அங்கே கூட்டிப்போகவும் வேண்டும்.

சரி, அடுத்த வேட்டைக்கு என்ன செய்யலாம்? டப்பா வைக்கும் இடத்தில் செல்பேசியைச் சில நிமிடம் அசையாமல் வைத்து, பலமுறை எண்களைக் குறித்துச் சராசரி எடுங்கள். இரவு வேட்டைதான் வேண்டும் என்றால் மே, ஜூன் விடுமுறைக்குத் தள்ளிவைக்கலாம். இல்லையென்றால் எண்களோடு "சாய்ந்த பனையிலிருந்து கடலைப் பார்த்துப் பத்து எட்டு நட" என்று ஒரு குறிப்பும் கொடுங்கள். மணலைத் தோண்டிப் புதைக்க வேண்டாம். ஜியோகேச்சிங் விதியே பொதுவாக அதை அனுமதிப்பதில்லை. அப்புறம், ஆண்டின் முதல் மாதங்களில் பங்குனி ஆமைகள் முட்டையிட வருவதும் இதே மணலில்தான்.