எங்கள் ஒழுங்கைக்கு ஒதுக்கிய காசு எங்கே? தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்படி கேட்பது எப்படி

வாக்குப் போட்டு அனுப்பியவர்கள் வீதியைத் திருத்துவார்கள், விளக்கை எரிய வைப்பார்கள், மாரிக்கு முன் வெள்ளவாய்க்காலைத் துப்புரவாக்குவார்கள் என்று எதிர்பார்க்கிறோம். ஆனால் யாழ்ப்பாணத்தில் பல வருடமாக, போய்க் கேட்பதற்கே ஆள் இல்லாத நிலைமை. வட மாகாண சபைக்கு ஒரேயொரு தேர்தல்தான் நடந்தது, 2013 செப்டெம்பரில். அதன் காலம் 2018 ஒக்டோபரில் முடிந்தது. அதற்குப் பிறகு தேர்தலைக் காணவில்லை. உள்ளூராட்சி சபைகளின் காலம் 2023 மார்ச்சில் முடிந்து, 2025 மே 6 தேர்தல் வரைக்கும் உறுப்பினர் இல்லாமலே அதிகாரிகளின் பொறுப்பில் நடந்தன. அந்த இரண்டு வருடமும் சனம் சபைக்குச் சோலைவரி (வீட்டு வரி) கட்டிக்கொண்டுதான் இருந்தது.

சபை கலைந்தாலும் கந்தோர் கலைவதில்லை. கோப்புகள் அங்கேதான் இருக்கின்றன. அந்தக் கோப்பில் என்ன இருக்கிறது என்று எந்தக் காலத்திலும் கேட்கிற உரிமை எங்களுக்கு இருக்கிறது. அரசியலமைப்பின் 19ஆம் திருத்தம் 2015இல் அதை அடிப்படை உரிமையாக்கியது. 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2017 பெப்ரவரி 3 முதல் நடைமுறையில் இருக்கிறது. யாழ். மாவட்டத்தின் மாநகர சபை, மூன்று நகர சபைகள், பதின்மூன்று பிரதேச சபைகள், பதினைந்து பிரதேச செயலகங்கள், கச்சேரி (மாவட்டச் செயலகம்), மாகாணத் திணைக்களங்கள், அரச ஆஸ்பத்திரி, பல்கலைக்கழகம் எல்லாம் இந்தச் சட்டத்துக்குக் கட்டுப்பட்டவை.

எழுத உட்காருமுன் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும்: வீதி யாருடையது? பெருந்தெருக்கள் வீதி அபிவிருத்தி அதிகார சபையிடம் இருக்கின்றன. அடுத்த தர வீதிகள் மாகாண வீதி அபிவிருத்தித் திணைக்களத்தின் பொறுப்பு. ஒழுங்கைகளும் உள்வீதிகளும் பெரும்பாலும் பிரதேச சபையின் கீழ் வரும். ஒரு கந்தோர் இன்னொரு கந்தோரைக் காட்டிவிடுவதற்கு இந்தப் பிரிவினைதான் வசதியாக இருக்கிறது. அதனால் முதல் கேள்வியே, இன்ன வீதி எந்த நிறுவனத்தின் பதிவேட்டில் இருக்கிறது என்பதாக இருக்கட்டும்.

அப்புறம், கேள்வியை எப்படி எழுதுவது. பலர் சறுக்குவது இங்கேதான். ‘எங்கள் ஒழுங்கையை ஏன் இன்னும் போடவில்லை?’ என்று எழுதினால், ‘நிதி கிடைத்ததும் ஆவன செய்யப்படும்’ என்று ஒரு வரி வரும். சட்டம் தருவது பதிவில் உள்ள தகவலை. ஆகவே பதிவைக் கேட்க வேண்டும்:

‘கடந்த மூன்று வருடங்களில் இந்த வட்டாரத்தில் திருத்தப்பட்ட வீதிகளின் பெயர், நீளம், ஒதுக்கிய தொகை, செலவான தொகை, ஒப்பந்தகாரர் பெயர். எங்கள் ஒழுங்கை முன்னுரிமைப் பட்டியலில் இருந்தால் அந்தப் பட்டியலின் பிரதி. அது தொடர்பாக எடுக்கப்பட்ட சபைத் தீர்மானத்தின் பிரதி.’

இப்படிக் கேட்டால் மழுப்ப இடம் குறைவு. பட்டியல் இருந்தால் பிரதி தர வேண்டும். இல்லாவிட்டால் இல்லை என்று எழுதித் தர வேண்டும். பட்டியலே இல்லாமல்தான் எந்த வீதி முதலில் என்று தீர்மானிக்கிறார்கள் என்பது எழுத்தில் வந்தால், அதுவே பெரிய தகவல். வீதி விளக்கு, மலசலகூடக் கழிவகற்றல், வாசிகசாலைக்கு வாங்கிய புத்தகங்கள் என்று எதற்கும் இதே மாதிரி எழுதலாம். அரசின் அஸ்வெசும நலன்புரிக் கொடுப்பனவு கிடைக்காத ஒருவர், தன் குடும்பத்தைப் பற்றி எடுத்த விபரம் என்ன, எந்த அடிப்படையில் விடுபட்டது என்று தன் கோப்பையே கேட்கலாம். அயல் வீட்டாரின் கோப்பைக் கேட்டால் அந்தரங்கம் என்று மறுப்பார்கள், அது நியாயமும்கூட.

ஒவ்வொரு நிறுவனத்திலும் தகவல் அலுவலர் ஒருவர் இருக்க வேண்டும். கடிதத்தை அவருக்கு முகவரியிடுங்கள். ஆர்டிஐ 01 (RTI 01) என்ற விண்ணப்பப் படிவம் இருக்கிறது, ஆனால் வெள்ளைத் தாளில் எழுதினாலும் போதும். எழுத முடியாதவர் வாயால் சொன்னால் அலுவலர் அதை எழுதி எடுக்க வேண்டும். ஏன் கேட்கிறீர்கள் என்று கேட்க அவருக்கு உரிமை இல்லை. காரணம் சொல்லத் தேவையில்லை என்று சட்டமே சொல்கிறது. எங்கள் பகுதியில் இது சின்ன விஷயமல்ல. ‘எதுக்கு இதெல்லாம் உங்களுக்கு?’ என்ற ஒரு கேள்வியிலேயே திரும்பி வந்துவிடுகிறவர்கள் அதிகம். வட மாகாணத்தில் தமிழ் நிர்வாக மொழி, ஆகவே தமிழிலேயே எழுதுங்கள்.

கொடுத்த கையோடு பற்றுச்சீட்டு வாங்குங்கள். கடிதம் கிடைத்ததை எழுத்தில் உறுதிப்படுத்துவது அவர்களின் கடமை. பின்னால் மேன்முறையீடு என்று போனால் அந்தத் துண்டில் உள்ள திகதிதான் உங்களுக்குச் சாட்சி.

விண்ணப்பத்துக்குக் கட்டணம் இல்லை. 2017இல் வந்த விதிகளின்படி நாலு பக்கப் பிரதி வரை இலவசம், அதற்கு மேல் ஏ4 ஒரு பக்கத்துக்கு 2 ரூபா. 14 வேலை நாட்களுக்குள் தருவதா இல்லையா என்று முடிவு சொல்ல வேண்டும். தருவதாக இருந்தால் அடுத்த 14 நாட்களுக்குள் தகவல் கைக்கு வர வேண்டும். பெரிய கோப்பு என்றால் இன்னும் 21 நாள் வரை நீடிக்கலாம். ஒருவரின் உயிரோடோ தனிப்பட்ட சுதந்திரத்தோடோ சம்பந்தப்பட்டது என்றால் 48 மணித்தியாலம்தான்.

மறுத்தாலோ பதிலே வராவிட்டாலோ, அதே நிறுவனத்தின் குறித்தளிக்கப்பட்ட அலுவலருக்கு 14 நாட்களுக்குள் மேன்முறையீடு செய்யுங்கள். அவருக்கு மூன்று வாரம். அங்கும் சரிவராவிட்டால் இரண்டு மாதத்துக்குள் கொழும்பில் உள்ள தகவல் அறியும் உரிமை ஆணைக்குழுவுக்குப் போகலாம். தேசிய பாதுகாப்பு, அந்தரங்கம், வர்த்தக இரகசியம் என்று மறுப்பதற்குக் காரணங்கள் சட்டத்தில் இருக்கின்றன. ஆனால் பொதுநலன் அவற்றை விடப் பெரிது என்றால் தகவலைத் தர வேண்டும் என்றும் அதே சட்டம் சொல்கிறது. நாடாளுமன்ற உறுப்பினர்களில் யார் யார் சொத்து விபரம் கொடுத்தார்கள் என்று கேட்ட வழக்கில் அந்தப் பட்டியலைக் கொடுக்கும்படி 2021இல் ஆணைக்குழு தீர்மானித்தது. 2023இல் மேன்முறையீட்டு நீதிமன்றமும் அதை உறுதிசெய்தது. நாடாளுமன்றத்துக்கே இது என்றால், ஒரு பிரதேச சபையின் வீதிப் பட்டியலை மூடி வைக்க முடியாது.

‘பழைய கோப்பு, இப்போது இல்லை’ என்பது அடிக்கடி கேட்கும் பதில். சட்டம் வரும்போது இருந்த பதிவுகளைப் பத்து வருடமாவது, அதன் பின் உருவானவற்றைப் பன்னிரண்டு வருடமாவது வைத்திருக்க வேண்டும் என்று விதி இருப்பதைக் கடிதத்தில் குறிப்பிடுங்கள்.

தனியாகப் பெயர் போடத் தயக்கம் என்றால் சங்கமாக எழுதலாம். உறுப்பினர்களில் முக்கால்வாசிப் பேராவது இலங்கைப் பிரஜைகள் என்றால் ஒரு அமைப்பும் ‘பிரஜை’ என்ற கணக்கில் வரும். சனசமூக நிலையம், மாதர் சங்கம், கடற்றொழிலாளர் சங்கம் எதுவும் கேட்கலாம். கனடாவில் இருந்து ஊர் வீதிக்காகக் கவலைப்படும் உறவினர் இலங்கைப் பிரஜாவுரிமையை விட்டிருந்தால் அவரால் கேட்க முடியாது. இரட்டைப் பிரஜாவுரிமை உள்ளவர் கேட்கலாம்.

சரி, பதில் வந்துவிட்டது. தகவல் வீதியாகிவிடாது. சபைகள் வழக்கமாக ஆண்டு இறுதியில்தான் அடுத்த வருட வரவு செலவுத் திட்டத்தை நிறைவேற்றும். ஆகவே ஓகஸ்ட், செப்டெம்பரிலேயே கேட்டு எடுத்து, பிரதியை வட்டார உறுப்பினரிடமும் தவிசாளரிடமும் எழுத்தில் கொடுங்கள். தொகையும் திகதியும் உள்ள கடிதத்தை வைத்துக்கொண்டு, ‘பார்ப்பம்’ என்று அனுப்பிவிடுவது அவர்களுக்கும் கஷ்டம். மாகாணத்தின் வீதி என்றால் மாகாண சபையில் கேள்வி எழுப்ப உறுப்பினர் ஒருவரும் இல்லை. அந்தப் பிரதியைப் பிரதம செயலாளருக்கும் ஆளுநரின் செயலகத்துக்கும்தான் அனுப்ப வேண்டியிருக்கிறது. மாகாண சபைத் தேர்தல் ஒன்று நடக்கும்வரை, வட மாகாணத்தில் அந்த இடத்தை நிரப்ப வேறு வழி கிடையாது.